ரயில் நம்ம ஊரு, தெரு மட்டும் ஒஹாயோவா?

மாடல் ரயில் கட்டுற நண்பர்கள் கொஞ்சம் கோவிச்சுக்குவீங்க. பரவாயில்லை, ரொம்ப நாளா மனசுல கிடக்குறதைக் கொட்டிடறேன்.

நம்மாட்கள் கட்டுற லேஅவுட் படங்களைப் பார்த்திருப்பீங்க. என்ஜின் அசல் இந்தியன் ரயில்வேஸ். நெற்றியில் எழுத்து, கலர், ஹாரன் எல்லாம் துல்லியமா இருக்கும். ஆனா தெரு நடுவுல தண்டவாளம் போற காட்சி வேணும்னு ஆசை வந்ததும், ரெண்டு பக்கமும் அமெரிக்க செங்கல் கட்டிடம், தீயணைக்கும் குழாய், கறுப்புத் தார் ரோடு. ஒரு மாடு கிடையாது. ஒரு டீக்கடை பெஞ்சு கிடையாது. ஏன்யா இப்படின்னு கேட்டா ரெடியா ஒரு பதில்: "நம்ம ஊர்ல தெருவுக்குள்ள ரயில் ஓடுனதே இல்லையே, அதான் வெளியூர் மாதிரி."

இல்லையாமே! மெட்ராஸ்ல 1895-லயே டிராம் ஓடியிருக்கு. இந்தியாவுலயே முதல் மின்சார டிராம் அதுதான். மவுண்ட் ரோடு, பாரீஸ் கார்னர்னு ஊரோட நடு முதுகுலயே போச்சு. ஆரம்பத்துல தலைக்கு மேல கம்பி கூட கிடையாது, தண்டவாளங்களுக்கு நடுவுல ஒரு பிளவு, அதுக்குக் கீழேருந்து கரண்ட். மேல்கம்பி பிறகு வந்தது. 1953-ல இழுத்து மூடினாங்க. நம்ம தாத்தாக்கள் ஏறி இறங்குன வண்டி அது. அதை மாடலா செஞ்சவங்க எத்தனை பேரு? நான் பார்த்தவரைக்கும் ஒருத்தர் கூட இல்லை.

டார்ஜிலிங் ரயில்? 1881-லேருந்து ரோட்டோட தோளைப் பிடிச்சுக்கிட்டே ஓடுது. கர்சியாங் கடைத்தெருவுல ரயில் ஜன்னலுக்கும் கடைக்கும் நடுவுல ஒரு கை நீளம்தான். ஆராதனா (1969) படத்துல ராஜேஷ் கன்னா ஜீப்புல பாடிக்கிட்டே போவாரே, பக்கத்துல ஷர்மிளா தாகூர் உட்கார்ந்திருக்கிற ரயில், அதேதான். நாடே பார்த்த காட்சி. நம்ம மாடல் ஆட்கள் கண்ணுல மட்டும் படலை.

சரி, அவ்வளவு தூரம் போவானேன். நான் பாகூர் பக்கத்து ஆளு. எங்க கொம்யூனுக்கு ரயிலே கிடையாது, ஏரியும் கரும்பும்தான். ரயில் பார்க்கணும்னா வில்லியனூர் போகணும். விழுப்புரம் - பாண்டிச்சேரி பாதை 1879-ல மீட்டர் கேஜா போட்டது. கண்டமங்கலம் தமிழ்நாடு, வில்லியனூர் புதுச்சேரி. 1954 நவம்பர் வரைக்கும் அது பிரெஞ்சு எல்லை! அந்த ரயில்வே கேட்டுல நின்னு பாருங்க. தெருவும் தண்டவாளமும் ஒரே தரையில கலக்குற இடம் அது. கேட்டு போட்டதும் வண்டியைச் சாய்ச்சுக் குனிஞ்சு நுழையறவர், ஹாரன் அடிச்சா ரயில் சீக்கிரம் வந்துடும்னு நம்புற வேன் டிரைவர், தண்டவாள ஓரத்துல நிதானமா அசைபோடுற எருமை. இதைவிட ஒரு காட்சி உனக்கு எந்த ஒஹாயோவுல கிடைக்கும்?

இன்னொரு சாக்கு, "நம்ம கேஜுக்கு ரெடிமேட் தண்டவாளம் கிடைக்காது". பாதி உண்மை. 1:87 அளவுல கடையில விக்குற 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் வெள்ளைக்காரனோட 1435 கேஜுக்குத்தான் சரி. நம்ம பிராட் கேஜ் 1676. அதை 87-ஆல வகுத்தா 19.3 வரும். 16.5 மேல நம்ம பெட்டியை வச்சா, குண்டு மனுஷன் குட்டி ஸ்டூல்ல உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். அதுவும் போக, அந்த ரெடிமேட் தண்டவாளத்து ஸ்லீப்பர் இடைவெளியும் நம்ம ஊர் மாதிரி இருக்காது.

ஆனா யோசிங்க மக்களே, தெருவுக்குள்ள போற தண்டவாளத்துல ஸ்லீப்பரே தெரியாது! எல்லாம் மண்ணுக்கும் தாருக்கும் அடியில. பி.சி.பி. அட்டையைப் பட்டையா வெட்டி (நடுவுல செம்பைக் கீறி விடுங்க, இல்லைன்னா ஷார்ட் ஆகும்), ரெண்டு கம்பியையும் வேணுங்கிற அகலத்துக்கு சால்டர் வச்சு, மேல பிளாஸ்டர் பூசினா முடிஞ்சது கதை. பிளாஸ்டர் தண்டவாளத்தோட தலைக்கு ஒரு முடி அளவு கீழேயே நிக்கணும், இல்லைன்னா துடைக்கும்போது தெருவே பேர்ந்து வரும். உள்பக்கம் சக்கரத்தோட விளிம்பு போக ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல பள்ளம் விடணும். ஈரம் காயறதுக்குள்ள பழைய சக்கரம் ஒன்னை உருட்டுனா பள்ளம் தானா விழும். அதாவது, கேஜைக் காரணம் காட்டி எந்தக் காட்சியை ஒதுக்குறீங்களோ, அந்தக் காட்சியிலதான் நம்ம கேஜைப் போடுறது சுலபம்.

மீட்டர் கேஜ்னா இன்னும் லேசு. 1000-ஐ 87-ஆல வகுத்தா 11.5, கடையில கிடைக்கிற 12 மில்லிமீட்டர் போதும். டிடி அளவு வண்டிகளோட அடிப்பாகம் அப்படியே உட்காரும்.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. விழுப்புரம் பாதையில மீட்டர் கேஜைப் பிடுங்கி 2000-களோட முற்பாதியில பிராட் கேஜ் போட்டாங்க. வேண்டியதுதான், குறை சொல்லலை. ஆனா பழைய பாதையில கேட்டு எப்படி இருந்தது, கேட்மேன் அறை எத்தனை அடி, ரோடு எந்தக் கோணத்துல வெட்டுச்சுன்னு அளந்து வச்சவங்க யாரு? இந்தப் பக்கத்துல அதைச் செய்யக்கூடிய ஆளுங்க ரயில் பைத்தியங்களான நாமதான். நாம அப்போ ஜெர்மன் கேட்லாக் புரட்டிக்கிட்டு இருந்தோம். வெளியூர்ல ஒரு கிழவர் தன் ஊர் சந்துல 1940-ல போன சரக்குப் பாதையைச் செங்கல் செங்கலா எண்ணிக் கட்டுறார். அவர்கிட்டேருந்து அந்த வெறியைக் காப்பியடிக்காம, அவர் ஊர்ச் செங்கலைக் காப்பியடிச்சா எப்படி?

அப்புறம் இந்த "சுத்தம்". மாடல்ல தெரு அழுக்கா இருந்தா அசிங்கமாம். சுவரொட்டி வேண்டாம், குப்பை வேண்டாம், தண்டவாளத்துல காயப்போட்ட துணி வேண்டாம். அப்போ அது கல்யாண ஆல்பம், மாடல் இல்லை.

நான் 4 அடிப் பலகையில வில்லியனூர் கேட்டு ஒன்னை மட்டும் மீட்டர் கேஜ் காலத்துல வச்சுக் கட்ட ஆரம்பிச்சிருக்கேன். நிஜத்துல அது சுமார் 106 மீட்டர் தெரு. பழைய கேட்டு நினைவிருக்கிற பெரியவங்களைத் தேடிக்கிட்டு இருக்கேன். ஒருத்தர் கம்பம் வெள்ளை சிவப்புங்கிறார், இன்னொருத்தர் வெறும் வெள்ளைங்கிறார்.

டிஸ்கி: அந்தக் காலத்துப் போட்டோ எதுலயாவது, கல்யாண வண்டிக்குப் பின்னாடியாவது அந்தக் கேட்டு விழுந்திருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க சாமி. எருமை நான் செஞ்சுட்டேன்.