டக்ட் டேப் ஒட்டினா தரை சரியாயிடுமா?

ஆஸ்பத்திரி சுத்தம்னு பேச்செடுத்தா எல்லாரும் கையைப் பத்திதான் பேசுவாங்க. கை கழுவு, கிளவுஸ் போடு, கதவுக் கைப்பிடியைத் துடை. எல்லாம் சரி. தரையை யார் குனிஞ்சு பார்க்கிறாங்க?

2017ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கிளீவ்லாந்து வட்டாரத்தில் 5 மருத்துவமனைகளின் நோயாளி அறைகளில் தரையைச் சோதித்தார்கள். அதிகம் சிக்கியது, கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி.டிஃப் கிருமி. இதன் வித்துகளுக்கு ஆல்கஹால் எல்லாம் ஜுஜுபி. பிளீச் மாதிரி ஏதாவது வேணும். போன் சார்ஜர், பிரஷர் பார்க்கும் பட்டை என்று கைபடும் சாமான்கள் பலவும் தரையில் கிடந்ததாம். ஆக, தரையில் இருப்பது கைக்கு வர ரொம்ப நேரம் ஆகாது.

இங்கே வார்டுகளில் அதிகம் போடுவது ஷீட் வினைல். இதன் பலமே ஜாயின்ட்தான். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் காடி வெட்டி, அதே ஜாதி பிளாஸ்டிக் கம்பியை சூட்டில் உருக்கி அடைச்சிடுவாங்க. சுவரோரம் ஷீட்டையே வளைத்து நாலு, ஆறு அங்குலம் மேலேற்றி விடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் தண்ணி கீழே இறங்க வழியில்லை. அந்த வெல்டு ஒரு இடத்தில் பிளந்தா போச்சு. தினமும் மாப் தண்ணி உள்ளே இறங்கும். மேலே எவ்வளவு பிளீச் ஊத்தினாலும் அடியில் இருப்பதைத் துடைக்க முடியாது.

அதுக்கு நம்மாட்கள் கண்டுபிடிச்ச மருந்துதான் டக்ட் டேப்! ரெண்டு நாளில் ஓரம் சுருண்டுக்கும், பசையில் அழுக்கு ஒட்டும். ஐ.வி. ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு மெதுவா நடக்கிற பெரியவர் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

போன கோடையில் ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்தேன். தரைத்தளத்தில் ஒரு காரிடாரில் ஒரே இடத்தில் மூணு தடவை ஒட்டுப் போட்டிருந்தாங்க. மூணும் கொப்புளமாக் கிளம்பிடுச்சு. யாரும் காங்க்ரீட்டில் ஈரம் பார்க்கவே இல்லை. அங்கே துடைக்கிற அம்மா மட்டும் சொன்னாங்க, "இந்த இடத்தில காலை வச்சா ஜாயின்ட்ல தண்ணி கசியுது தம்பி, ரொம்ப நாளாவே". அவங்ககிட்ட யாரும் கேக்கலை. கேக்கறதுக்கு ஃபாரமும் இல்லை.

ஈரம் பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. ஏஎஸ்டிஎம் எஃப்-2170 என்று ஒரு முறையே இருக்கு. காங்க்ரீட்டில் துளை போட்டு, உள்ளே சென்சார் வைத்து ஈரப்பதத்தை அளக்கணும். ஒரு பக்கம் மட்டும் காயும் தளம் என்றால் துளையின் ஆழம் தளத்தின் கனத்தில் 40 சதவீதம். ஈரமும் காங்க்ரீட்டின் காரமும் சேர்ந்து பசையைத் தின்னும்போது, மேலே புது ஒட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?

என்னைக் கேட்டா மூணு விஷயம் போதும்.

ஒண்ணு, தரைப் பரிசோதனையை துடைக்கிறவங்க கையில் கொடுங்க. வெல்டு பிளவு, கொப்புளம், சிங்க் அடியில் கறை, சுவர் மூலையில் விரிசல். பார்த்ததும் குறிச்சுக் கொடுக்க ஒரு சீட்டு, அதை அன்னிக்கே படிக்க ஒரு ஆள்.

ரெண்டு, காரணம் தெரியாம ஒட்டுப் போடாதீங்க. ஈரமா, குழாய்க் கசிவா, கட்டில் சக்கரமா? அதைச் சரிபண்ணிட்டு, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, அதே ஷீட்டில் துண்டு பதித்து வெல்டு பண்ணுங்க. பழைய கட்டடம்னா வெட்டறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் சோதனை கட்டாயம் வேணும். அந்தக் கால டைல்களிலும் பசையிலும் அது இருக்கலாம்.

மூணு, தரை போடும்போதே மிச்ச ரோலைப் பத்திரமா எடுத்து வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே நிறம் கடையில் கிடைக்காது.

இதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லைன்னு சொல்றவங்க, முழுத் தரையையும் பெயர்த்துப் போட வார்டையே மூடினா என்ன செலவாகும்னு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு அடி நீள வெல்டோட முடிய வேண்டிய வேலை அது.