அப்பாவின் பேனாக்கத்திக்கு என்ன விலை?

சென்ற தை மாதம் மூணாறிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, அப்பாவோட பேனாக்கத்தி லட்ச ரூபாய்க்குப் போகுமாமே, நெசந்தானா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

என் தங்கை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுபவள். அடுத்த ஆண்டு பணி ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது மலையில் வாழ்ந்த நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த கதை. போடிப் பக்கம் இரண்டு சென்ட் நிலம் பார்த்து, கத்தியை நம்பி முன்பணமும் பேசி முடித்துவிட்டாள். உறவுக்காரப் பையன் ஒருவன் கைபேசியில் ஏதோ படத்தைக் காட்டி, "இதே மாதிரிக் கத்தி, இத்தனை லட்சம்" என்று சொல்லியிருக்கிறான். ஒரு தரகரும் வந்து பார்த்துவிட்டு, "இது குண்டளை ரயில் ஓடிய காலத்துத் துரை கத்தி" என்று கதை கட்டியிருக்கிறார்.

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன். பழம்பொருள் நிபுணன் அல்லன். ஆனால் இரும்பையும் தேய்மானத்தையும் பார்த்தே தலை நரைத்தவன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி மூணாறு போனேன். கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது முத்திரை. மடக்குக் கத்தியைத் திறந்தால் அலகின் அடியில், ஆணிக்கு அருகில், செய்தவர் பெயர் குத்தியிருக்கும். மலைத் துரைமார் கொண்டுவந்த கத்திகளில் பல இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தவை. அங்கே ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம் நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும். 1764-இல் பெற்ற முத்திரை அது. அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பினால் போலிகளும் ஏராளமாக வந்தன. ஆகவே பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். முத்திரையில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று சொன்னதால் வந்த வழக்கம் இது. 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் 1913-க்கு முற்பட்டதாக இருக்கவே முடியாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த உருக்கை உருவாக்கியது அந்த ஆண்டில்தான். அது சாதாரணப் பேனாக்கத்தி வரை பரவ இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 பெருவெள்ளத்தோடு அழிந்தது. எங்கள் கத்தியில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் இருக்கிறது. அதற்கு மேலும் எனக்குச் சாட்சி உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு, ஊர் திரும்பிய துரை ஒருவர் 1960-களில் கொடுத்த கத்தி இது. துரை லீவில் போனபோது புதிதாக வாங்கி வந்தது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். தரகரின் ரயில் கதை அங்கேயே தடம் புரண்டது.

மூன்றாவது, தேய்மானம். ரயில் சக்கரத்தை ஒவ்வொரு முறை லேத்தில் கடையும்போதும் விட்டம் குறையும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் கழித்துவிடுவோம். கத்தியும் அப்படித்தான். ஒவ்வொரு சாணையும் அலகில் கொஞ்சம் தின்றுவிடும். அலகு ஒல்லியாகியிருக்கிறதா, முனை உடைந்து திருத்தப்பட்டிருக்கிறதா, திறந்தபின் பக்கவாட்டில் ஆடுகிறதா, வில் 'டக்'கென்று பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு அலகும் இறுக்கமான வில்லும் உள்ள கத்திக்கே சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள்.

நான்காவது, பிடி. எலும்பு, மரம், செல்லுலாய்டு, மான்கொம்பு எனப் பல உண்டு. ஷெஃபீல்டுக்காரர்கள் விரும்பி வாங்கிய மான்கொம்பு நம் நாட்டுக் கடமான் உதிர்த்த கொம்புதான்! ஆனால் கொம்பும் தந்தமும் இருந்தால் விலை பேசுவதற்கு முன் சட்டத்தைப் பேசுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன. தந்த வியாபாரம் குற்றம். தாத்தா காலத்துப் பொருள் என்பது விற்பதற்கு அனுமதி ஆகாது.

இனி, நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். எங்கள் கத்தியில் கம்பெனிப் பெயரும் நட்சத்திரமும் பாதி அழிந்து கிடக்கின்றன. அழித்தவன் நானேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவுக்குப் புதுக் கத்தி போலப் பளபளவென்று கொடுக்க ஆசைப்பட்டு, ஷெட்டில் பஃபிங் சக்கரத்தில் பிடித்தேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மெருகு ஏற்றியதாக நான் பெருமைப்பட்ட அன்றே கத்தியின் விலையில் பெரும்பகுதி தூசியாகப் போய்விட்டது.

இதை என் தங்கையிடம் சொன்னேன். முத்திரை முழுதாக இருந்திருந்தாலும், இத்தகைய சாதாரண ஷெஃபீல்டு பேனாக்கத்தி சில ஆயிரங்களைத் தாண்டுவது அரிது என்பதையும் சொன்னேன். லட்சங்களில் போவது, அருமையான வேலைப்பாடும் அபூர்வமும் கெடாத நிலையும் சேர்ந்த ஒன்றிரண்டுதான். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப முன்பணத்துக்கு என்னண்ணே பண்றது?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் தம்பி மூவரும் பங்கு போட்டுக் கட்டினோம். கத்தி அவளிடமே இருக்கிறது, பாக்கு நறுக்குகிறாள்.

நான் சொல்ல விரும்புவது இதுதான். ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களில் பெட்டிக்கு அடியில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் பெரியவர் காலமானதும் ஒரு டப்பா நிறையப் பழைய கத்திகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். அது ஒரு தவறு. இல்லாத விலையை நம்பிக் கடன் பேசுவது அதைவிடப் பெரிய தவறு. ஏனென்றால் அதில் ஒரு வீடே ஆடிப்போகிறது.

ஆகவே அன்பர்களே, பழைய கத்தியை எமரித் தாளில் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியில் துளி எண்ணெய் போதும். விற்கும் எண்ணம் இருந்தால் ஒருவர் சொல்லை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். அதே வகைக் கத்தி உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று கேளுங்கள். என்ன விலை சொன்னார்கள் என்பது கணக்கில்லை. முக்கியமாக, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எந்த எஸ்டேட் என்பதை ஒரு தாளில் எழுதிக் கத்தியோடு வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அப்பா சொன்ன அந்த ஒரு வரி என் நினைவில் இருந்ததால்தான் தரகரின் கதையை என்னால் மறுக்க முடிந்தது.