ஆஸ்பிரினுக்குக் காப்புரிமை இல்லை, அதனால்தான் கேட்க ஆள் இல்லை!

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆஸ்பிரின் என்று பேச்சை எடுத்தால் போதும், உடனே இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். முதல் கோஷ்டி, "சல்லிசான மாத்திரையில் கேன்சர் ஓடிவிடும், கம்பெனிக்காரன்தான் மறைக்கிறான்" என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஃபார்வர்டு செய்யும். இரண்டாவது, கொஞ்சம் படித்த கோஷ்டி. "அதெல்லாம் வயாக்ஸோடு முடிந்த கதை" என்று உதட்டைப் பிதுக்கும். இரண்டுமே தப்பு. அதிலும் அதிகக் கெடுதல் செய்தது இந்தப் படித்த கோஷ்டியின் உதட்டுப் பிதுக்கல்தான்.

முதலில் கொஞ்சம் அறிவியல். காக்ஸ் என்பது உடலில் உள்ள ஒரு நொதி, அதாவது என்சைம். ஒரு கொழுப்பு அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளாக மாற்றும் பாதையைத் தொடங்கி வைப்பது அதன் வேலை. வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாம் இந்தப் புரோஸ்டாகிளாண்டினின் கைவரிசை. ஆஸ்பிரின் இதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த நொதியில் இரண்டு வகை முக்கியம். காக்ஸ்-1 இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி வரும்போது தலைதூக்குகிறது. பெருங்குடல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இந்த காக்ஸ்-2 அளவுக்கு மீறி இருக்கிறது. கட்டி வளரவும், அதற்குப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் அது துணை போகிறது. அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. விடையும் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும் நோய் உள்ள 77 பேரிடம் செலிகாக்சிப் சோதிக்கப்பட்டது. ஆறு மாதத்தில், அதிக அளவு மருந்து எடுத்தவர்களுக்குப் பாலிப்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. 1999-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. இந்த நோய்க்கு விரைவு அனுமதி கொடுத்தது. பலனைப் பிறகு இன்னொரு ஆய்வில் உறுதி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆய்வு முடியவே இல்லை. போதிய நோயாளிகள் சேரவில்லை என்று 2011-ல் ஃபைசர் அந்த அனுமதியைத் தானாகவே விட்டுக்கொடுத்தது.

நடுவில்தான் வயாக்ஸ் விவகாரம். ரோஃபெகாக்சிப் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது 2000-ல் வெளியான ஆய்விலேயே தெரிந்தது. ஒப்பிடப்பட்ட நாப்ராக்சன்தான் இதயத்தைக் காத்திருக்கும் என்று மெர்க் சமாதானம் சொன்னது. குடல் பாலிப் மீண்டும் வராமல் தடுக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கிய இன்னொரு ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2004 செப்டம்பரில் மருந்து சந்தையிலிருந்து வாபஸ். அதே ஆண்டு டிசம்பரில் செலிகாக்சிப் ஆய்விலும் மருந்து நிறுத்தப்பட்டது. அங்கே மூன்று ஆண்டுகளில் பாலிப் திரும்ப வந்தவர்கள், வெற்று மாத்திரைக் குழுவில் 60.7 சதவீதம், அதிக அளவு மருந்துக் குழுவில் 37.5 சதவீதம். ஆனால் இதயப் பிரச்சினை 1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாக ஏறியது.

இந்த எண்கள் சொல்வது என்ன? மருந்து வேலை செய்கிறது, ஆனால் எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது என்பதுதானே! உலகம் படித்துக்கொண்ட பாடமோ "காக்ஸ் கதை முடிந்தது" என்பது.

2012-ல் ஒரு துப்பு கிடைத்தது. கட்டியில் பிஐகே3சிஏ என்ற மரபணு மாறியிருந்த நோயாளிகளில் ஆஸ்பிரின் எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது வெறும் கவனிப்பு. முறையான சோதனையின் முடிவு வெளிவந்தது எப்போது? 2025 செப்டம்பரில். பதின்மூன்று ஆண்டுகள்! அதைச் செய்ததும் எந்த ராட்சத மருந்துக் கம்பெனியும் அல்ல, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா தலைமையில் நான்கு நார்டிக் நாடுகளின் மருத்துவமனைகள். அறுவை சிகிச்சை முடிந்த, இந்த மரபணுப் பாதையில் மாற்றம் உள்ள நோயாளிகளுக்கு தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்று ஆண்டுகள். முக்கியக் குழுவில் நோய் திரும்பியது 7.7 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14.1 சதவீதம். ஏறத்தாழ பாதி!

எந்த மாற்றமும் பார்க்காமல் கொடுத்த ஆய்வுகளின் கதி வேறு. சிங்கப்பூர் தலைமையில் நடந்த ஆஸ்பிரின் ஆய்வில் தெளிவான பலன் இல்லை. 2526 பேரிடம் கீமோதெரபியோடு செலிகாக்சிப் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும், மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 76.3 சதவீதம், மருந்து இல்லாதவர்கள் 73.4 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. ஆச்சரியம் எதற்கு? நார்டிக் ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கே அந்த மாற்றம் இருந்தது. மூன்றில் ஒருவருக்குப் பலன் தரக்கூடிய மருந்தை மூன்று பேருக்கும் கொடுத்து சராசரி போட்டால், அந்த ஒருவரின் பலன் கணக்கில் கரைந்துதானே போகும்?

"ஆஸ்பிரின் ரத்தக்கசிவு உண்டாக்குமே" என்பார்கள். உண்மை. அந்த நார்டிக் ஆய்விலேயே கடுமையான பக்கவிளைவுகள் ஆஸ்பிரின் குழுவில் 16.8 சதவீதம், மற்றதில் 11.6 சதவீதம். முதல் கோஷ்டி மனதில் வைக்க வேண்டிய எண் இது. கட்டியின் மரபணுவைப் பார்க்காமல், மருத்துவரைக் கேட்காமல் தினமும் ஒன்று விழுங்குவது வைத்தியம் அல்ல, சூதாட்டம்.

ஆனால் இதே ஆபத்துதான் மரபணுப் பரிசோதனைக்கான வலுவான வாதமும்கூட. மாத்திரை மலிவு, அது யாருக்கு என்று சொல்லும் பரிசோதனை மலிவல்ல. விலை உயர்ந்த புது மருந்து என்றால் அதை விற்பவரே அதற்கான பரிசோதனையையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பார். ஆஸ்பிரினுக்காக அப்படி அலைய யாருக்கும் லாபம் இல்லை. அந்த வேலையை அரசுகளும் பொது மருத்துவமனைகளும்தான் எடுத்துச் செய்ய வேண்டும். வெட்டி எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எப்படி வழக்கமோ, அப்படியே இந்த மரபணுவைப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும்.

இதைச் செய்யாமல் இன்னொரு பதின்மூன்று ஆண்டுகள் ஓட்டினால், அதற்கு வயாக்ஸைச் சாக்குச் சொல்ல முடியாது.