ஒடிக்க வேண்டிய முருங்கை, ஒடிக்கக் கூடாத அகத்தி

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் நாற்றங்கால்களில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். மழை பிடிப்பதற்குள் எதையாவது ஊன்றிவிட வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் கேட்பது, “வீட்டுக்கு ஒரு கீரை மரம் கொடுங்க” என்றுதான். நாமும் கைக்கு எட்டிய முருங்கைப் பையையோ அகத்திப் பையையோ எடுத்து நீட்டுகிறோம். எந்தப் பையானாலும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: வெயில் படுகிற இடத்தில் வையுங்கள், தொழு உரம் போடுங்கள், உயரமாகப் போனால் ஒடித்துவிடுங்கள். முருங்கைக்கு இது சரியான யோசனை. அகத்திக்கோ அந்தக் கடைசி யோசனைதான் எமன். நட்ட அகத்தி இரண்டாம் வருடமே பட்டுப்போனது என்று வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது நாம் மண்ணைக் குறை சொல்கிறோம், பூச்சியைக் குறை சொல்கிறோம். வெட்டிய விதத்தை விசாரிப்பதில்லை.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கையின் சாகுபடி முறையே கத்தியை நம்பித்தான் வகுக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் வட்டார முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. விதைத்த செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ள வேண்டும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். நாலைந்து மாதத்தில் மறுதாம்பு மறுபடியும் காய்க்கும். இப்படி மூன்று வருடம் ஓட்டலாம். சதைப்பற்றான வேரிலும் அடிமரத்திலும் முருங்கை சேமிப்பு வைத்திருக்கிறது. வெட்டு விழுந்த இடத்துக்குக் கீழே உறங்கும் மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன.

அகத்தியின் கட்டமைப்பே வேறு. அது ஒற்றைத் தண்டாக மேலே ஓடுகிற மரம். பக்கக் கிளைகள் குறைவு. முதல் வருடத்திலேயே வீட்டு மாடியைத் தாண்டிவிடுவதால், கீரை பறிக்க எட்டவில்லை என்று நெஞ்சு உயரத்தில் வெட்டிவிடுகிறார்கள். வெட்டு வாயில் செந்நிறப் பிசின் கசியும். கீழே ஒன்றிரண்டு தளிர் வரும். அதையும் பறித்துவிட்டு மறுபடி வெட்டினால் தளிர் இன்னும் குறையும். பட்டை மேலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். மூன்றாம் வெட்டுக்கு மரம் இருக்காது. அடிமரத்தை அடிக்கடி வெட்டினால் அகத்தி தாங்காது என்பது தீவனப் பயிர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆட்டுக்குத் தழை வேண்டும், மாதம் ஒருமுறை அறுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு அகத்தியைக் கொடுப்பதைவிட வேலிமசாலைக் கொடுப்பது நேர்மையான வியாபாரம்.

அகத்தியைக் கையாளத் தெரிந்தவர்கள் கொடிக்கால்காரர்கள். சோழவந்தானிலும் ஆத்தூரிலும் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அகத்தியை முன்கூட்டியே விதைத்துவிடுகிறார்கள். அது சுமார் 4 மீட்டர் உயரம் போன பிறகுதான் நுனியைக் கிள்ளுகிறார்கள். அதன் பிறகு கத்தி படுவது பக்கக் கிளைகளில்தான். கொடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகக் கழிக்கிற அந்தத் தழைதான் கீரையாகவும் தீவனமாகவும் சந்தைக்குப் போகிறது. நடுத்தண்டை யாரும் தொடுவதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கும் இதே முறைதான் பொருந்தும்: நடுத்தண்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் கிளைகளில் பறிக்கச் சொல்லுங்கள். உயரம் எட்டாது என்பவருக்குத் துரட்டி இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். இதில்தான் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து வறண்ட செம்மண்ணில் முருங்கை காய்த்துக் குலுங்குவதைப் பார்த்திருக்கிறோம். அந்த மரத்தைச் சென்னையின் தென்புறத்துத் தாழ்வான மனைகளில், களிமண்ணில், மழைநீர் வாரக்கணக்கில் நிற்கும் இடத்தில் வைத்தால் வேர் அழுகி ஐப்பசியிலேயே சாய்ந்துவிடும். அதே குழியில் அகத்தி நிற்கும். அடியில் நீர் சூழ்ந்தால் தண்டிலிருந்து புது வேர்களை விட்டுக் காற்றை வாங்கிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. ஓரளவு உப்பையும் பொறுத்துக்கொள்ளும். கொடிக்காலின் ஈரப் பாத்தியில் அது நிற்பதற்கும் இதுதான் காரணம். ஆகவே நாம் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, “மழை பெய்தால் உங்கள் மனையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?” என்பதைத்தான். ஒரு நாளில் வடிந்துவிடும் என்றால் முருங்கை. ஒரு வாரம் நிற்கும் என்றால் அகத்தி. முருங்கைதான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் இரண்டடி மேடு கட்டி அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள்.

கோடை வந்தால் நிலைமை தலைகீழாகும். ஊன்றிய முருங்கை ஒரு பருவம் தேறிவிட்டால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அகத்திக்கு முதல் கோடையில் வாரம் ஒரு தண்ணீராவது வேண்டும். மண்ணுக்கு அது தருவதும் அதிகம்: பயறு வகைக் குடும்பமாதலால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. அதன் அரைநிழலில் கீரைப் பாத்தி போட்டவர்கள் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பார்கள். முருங்கையிடம் இந்தக் குணம் கிடையாது.

நடும் முறையிலும் நாம் மாற வேண்டும். மரமுருங்கையைக் கிளையாக ஊன்றுவது பழைய வழி. கை கனத்துக் கிளையை மூன்று முதல் ஐந்து அடி நீளத்துக்கு வெட்டி ஊன்றி, மேல் வெட்டு வாயில் சாணி உருண்டை வைத்தால் காய்ப்பு தாய்மரத்தைப் போலவே இருக்கும். ஆனால் ஆணிவேர் இருக்காது, பலமான காற்றுக்குச் சாயும். ஆகவே வீட்டுச் சுவரையோ மின்கம்பியையோ ஒட்டி ஊன்ற வேண்டாம் என்று சொல்லியே விற்க வேண்டும். விதைமுருங்கை ஆணிவேர் விடும், அதனால்தான் பையில் அதிக நாள் வைக்கக் கூடாது. 35, 40 நாள் நாற்றே நடவுக்கு ஏற்றது. மூன்று மாதம் பையிலேயே கிடந்து அடியில் வேர் சுருண்ட கன்றை வாங்கிப் போகிறவருக்கு நாம் விற்பது மரத்தை அல்ல. அகத்தியில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம், அவ்வளவு வேகமான வளர்ச்சி. என் கருத்தில் அகத்திக்குப் பைநாற்றே தேவையில்லை. பத்து விதை கொண்ட பொட்டலமாக விற்கலாம். ஓர் இரவு ஊறவைத்து நேரடியாகக் குழியில் மூன்று விதை போட்டு, தேறியதில் ஒன்றை விடச் சொன்னால் போதும். லாபம் குறைவுதான். ஆனால் மரம் நிலைக்கும், வாங்கியவர் திரும்பி வருவார்.

பூச்சி பற்றிச் சுருக்கமாக. முருங்கையை வீட்டில் வேண்டாம் என்று சொல்லவைப்பது மழைக்காலத்துக் கம்பளிப்புழு. பகலில் அடிமரத்தில் அடை அடையாகக் கூடியிருக்கும்போதே ஒழித்துவிட்டால் வீட்டுக்குள் ஏறாது. அகத்திக்கு இளந்தண்டைத் துளைக்கும் கூன்வண்டு. தண்டில் முடிச்சு மாதிரி புடைப்பு தெரிந்தால் அதற்குக் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும். விட்டால் காற்று அந்த இடத்தில்தான் ஒடிக்கும். நடுத்தண்டில் கத்தி வைக்க நாம் அனுமதிக்கும் ஒரே சந்தர்ப்பம் இது.

சமையலறையிலும் இரண்டும் ஒன்றல்ல. முருங்கைக் கீரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமைப்பவர்கள் உண்டு. காய், பூ என்று மற்றவையும் கிடைக்கும். விதைத் தூள் கலங்கிய நீரைத் தெளியவைக்கும். அகத்தியோ எப்போதாவது உண்ணும் கீரை. துவாதசிப் பாரணைக்கு நெல்லிக்காயோடு இலையில் விழுவது அது. மருந்து சாப்பிடும் நாட்களில் அகத்தியைத் தவிர்க்கச் சொல்வது சித்த மருத்துவ வழக்கம். முதியோர் மருந்து எடுக்கும் வீடென்றால் இதை நாமே நினைவுபடுத்துவது நல்லது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் அகத்திக் கீரையில் சுண்ணாம்புச்சத்து 1130 மில்லிகிராம், முருங்கைக் கீரையில் 440 மில்லிகிராம். இந்த எண்ணைக் காட்டி அகத்தியைத் தினசரிக் கீரையாக விற்கும் விளம்பரப் பலகைகள் வேண்டாம். அதன் கசப்பே அளவோடு உண்ணச் சொல்கிறது. கோழி வளர்க்கும் வீடுகளில் அகத்தித் தழை கோழிக்கு ஆகாது என்பதையும் சொல்லுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தாராளமாகப் போடலாம்.

ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஓர் அகத்தி போதும். இரண்டு முருங்கை இருந்தாலும் வீணாகாது. கிழக்கிலும் தெற்கிலும் வெயில் கிடைக்கும் மேட்டுப் பகுதி முருங்கைக்கு, கழிவுநீர் ஓடும் தாழ்வான ஓரம் அகத்திக்கு என்று பிரித்தால் சிறிய மனையிலும் இரண்டுக்கும் இடம் உண்டு. “ஒடித்து வளர்க்கவும்” என்பதை முருங்கைப் பையில் மட்டும் அச்சிடுவோம். அகத்திப் பொட்டலத்தில் “நடுத்தண்டை வெட்டாதீர்கள்” என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

நல்ல அகத்தி விதை எங்கே கிடைக்கும் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பல ஊர்களில் கொடிக்கால் பரப்பு சுருங்கி வருகிறது, அகத்தியை வெட்டத் தெரிந்த கைகளும் குறைகின்றன. அருகில் கொடிக்கால் இருந்தால் விதையை அங்கேயே நேரடியாக வாங்குங்கள். காய் பழுப்பேறிக் காய்ந்த பிறகு எடுத்த விதைதானா என்று கேட்டு வாங்குங்கள். தழை கழிக்கும் நாளாகப் பார்த்துப் போனால், நாற்றங்காலில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.