மலடியும் மாவுக் கட்டியும்

"மலடி" என்ற சொல்லை நம் தெருக்களில் இன்றும் கேட்கலாம். அதற்கு ஆண்பாலாக "மலடன்" என்றொரு சொல்லும் தமிழில் இல்லாமலில்லை; ஆனால் அது பேச்சிற் புழங்கக் கேட்டவர் மிகச் சிலரே. ஒரு சொல் இவ்வாறு உறங்கிக் கிடக்கிறதென்றால், அது குறிக்கும் பொருளைக் காண நாம் விரும்பவில்லை என்றே நான் கொள்கிறேன். பிள்ளைப்பேறற்ற தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறை தனித்தோ, பெண்ணின் குறையோடு கூடியோ காரணமாக நிற்கிறது. மருத்துவம் இதனைச் சொல்லி நெடுங்காலமாகிவிட்டது. அக்குறணை போன்ற ஊர்களில் அது இன்னும் வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை.

இவ்வறியாமை வீட்டோடு அடங்கிவிடுவதுமன்று. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறிய கறியில் ஒரு கட்டி தென்பட்டது. சிங்களவரை மலடாக்கக் கலந்த மாத்திரை அது என்று கூக்குரல் எழுந்தது. கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று பின்னர் தெரிய வந்தது. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகிலேயே கிடையாது. இந்த ஓர் உண்மையை அறிந்தவர் நால்வர் அன்று அக்கடையில் இருந்திருந்தால்! சில நாட்களில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்ததையடுத்துத் திகனவில் மூண்ட தீ அக்குறணை வரை பரவியது. அதற்கு மாத்திரைக் கதை ஒன்றே காரணமென்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அக்கதை அப்போது காற்றிற் கலந்திருந்தது. 2019 மே மாதத்தில் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான தாய்மாரை மலடாக்கிவிட்டார் என்றொரு பத்திரிகை எழுதியது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அடுத்த மாதமே நீதிமன்றுக்கு அறிவித்தது.

மாவுக் கட்டியை மாத்திரையென நம்பியவரைக் கண்டு நாம் வெகுண்டோம், வெகுண்டது நியாயமே. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? திருமணமாகி இரண்டாண்டு கழிந்தால் மருமகள் வைத்தியரிடம் செல்கிறாள், ஓதிப் பார்க்கச் செல்கிறாள், நூல் கட்டிக்கொள்கிறாள். மகனை எவரும் எங்கும் அனுப்புவதில்லை. அவன் ஒருமுறையேனும் பரிசோதிக்கப்படாமலே இரண்டாம் நிக்காஹ் பேசப்படுகிறது. ஆதாரமின்றிப் பழிசுமத்துவது தெருவிற் குற்றமானால் அடுக்களையில் எங்ஙனம் நீதியாகும்?

எப்போது ஐயுற வேண்டும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை தெளிவானது: தடையேதும் கைக்கொள்ளாது பன்னிரண்டு மாதம் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில் பரிசோதனை வேண்டும். பெண்ணுக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேற் காத்திருத்தலாகாது. வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இக்குறையைச் சந்திக்கிறார் என அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே இது எவருக்கும் தனித்து வந்த சாபமன்று.

பெண்ணிடத்துக் காணும் குறிகள் ஓரளவு அறியப்பட்டவையே. மாதவிடாய் 21 நாளுக்குட்பட்டோ 35 நாளைக் கடந்தோ வருவது, அடியோடு நின்றுபோவது, முகத்தில் மயிர் அடர்வதும் பருக்கள் மிகுவதும், எழுந்து நடமாட இயலாதபடி விடாய்க்கால வலி, முன்பு அடிவயிற்றில் வந்த கிருமித் தொற்று, காசநோய் என்பன. "வலி பெண்ணுக்கு இயல்புதானே" என்று நம் மூத்த பெண்டிர் சொல்லும் ஆறுதல், கருப்பையின் உட்சவ்வு வெளியே படர்ந்து வளரும் நோயைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்துவிடுவதுண்டு.

ஆணின் குறிகளைப் பற்றித்தான் ஒருவரும் வாய்திறப்பதில்லை. சிறுவயதில் விதைகள் பைக்குள் இறங்காதிருந்தமை, பருவமடைந்தபின் வந்த கூகைக்கட்டு விதைகளையும் வீங்கச் செய்தமை, விதைப்பையில் நாளங்கள் புடைத்துப் புழுக்கூட்டம் போற் கைக்குத் தட்டுப்படுவது, குடலிறக்கத்துக்குச் செய்த சத்திரசிகிச்சை, தாடி மீசை அரும்பாமை, மார்பு பருத்தல், தாம்பத்தியத்தில் இயலாமை ஆகியவை வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்திகள். புகைத்தலும் கேடு செய்யும். இவற்றினும் விந்தையானதொன்று உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் தோள் திரளவேண்டுமென்று இளைஞர் சிலர் ஏற்றிக்கொள்ளும் ஆண் ஹோர்மோன் ஊசி, உடல் தானே விந்தணுவை ஆக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. பார்வைக்கு ஆண்மை பொலிகிறது. உள்ளே விந்தணு ஒன்றுமில்லாமற் போகிறது! ஆண்மை வேறு, மகப்பேற்றுத் திறன் வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? குறைபாடுடைய ஆடவர் பலருக்கு வெளிக்குறி எதுவுமே இராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகவே குறியைத் தேடிக்கொண்டிராது இருவரும் ஒரே காலத்திற் பரிசோதனைக்குச் செல்வதே முறை.

மார்க்கத்தின் பெயரால் மருமகளைப் பழிப்போர் உண்டாகையால் ஒன்று கேட்கிறேன். ஆயிஷா நாயகிக்குப் பிள்ளைப்பேறு இல்லை. இருந்தும் அவரை "விசுவாசிகளின் தாய்" என்றே முஸ்லிம் உலகம் அழைத்து வருகிறது. அந்தப் பெயரை நாவிற் கொண்டிருக்கும் சமூகத்துக்கு, பிள்ளையில்லாப் பெண்ணை மணவீட்டுச் சடங்குகளில் ஒதுக்கி நிறுத்தும் உரிமை எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் கிராமங்கள்தோறும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். தம்பதியரைப் பதிவேட்டிற் பதிந்து வைத்து, பிள்ளைப்பேறு தாமதித்தால் வழிகாட்டுவதும் அவர் கடமையில் அடங்கியதே. அவர் வாசலுக்கு வரும்போது பெண்கள் முன்னே வந்து பேச, கணவன்மார் பின்வாசலால் நழுவிவிடுகின்றனர். கடையில் ஆயிரம் பேரோடு விலை பேசும் நா, இதற்கு மட்டும் ஏனோ எழுவதில்லை.

பெண்ணின் கருக்குழாய்ச் சோதனைக்கு ஊடுகதிர் அறையும் ஊசிமருந்தும் வேண்டும், வலியும் உண்டு. ஆணின் சோதனையோ வலியற்றது, செலவும் குறைந்தது. இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து விந்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. ஒரு மில்லிலீற்றரில் 160 இலட்சம் விந்தணு என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் தந்த கீழெல்லை. அதனிற் குறைந்தால் உடனே மனமுடைய வேண்டியதில்லை. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகுமாதலால், சில வாரங்களோ மூன்று மாதமோ கழித்து மீண்டும் பார்ப்பர். வீட்டிலிருந்து எடுத்துச் செல்வோர் அதனை உடற்சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசலைக் கண்டவர் அந்த ஒரு மணியை நம்பிப் புறப்படமாட்டார். ஆகையால் கண்டிக்குச் சென்று பரிசோதனைக் கூடத்திலேயே கொடுப்பது நலம்.