பிள்ளைக்குத் தரையிலிருந்து எழும்பத் தெரியுமா?



மாதாந்தப் பரீட்சையில் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் எங்கள் பெற்றோர் உடனே சொல்வார்கள். தரையில் மல்லாந்து படுத்த அதே பிள்ளை எழும்பி நிற்க எத்தனை செக்கன் எடுக்கும் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சிரிக்கிற விஷயமில்லை. உடலியக்கத் தேர்ச்சியை அளக்க ஆய்வாளர்கள் உண்மையாகவே பாவிக்கும் சோதனை அது. படுத்திருப்பவர் "எழும்பு" என்றதும் எவ்வளவு கெதியாக நிமிர்ந்து நிற்கிறார் என்று பார்ப்பார்கள். ஒரு மணிக்கூடு போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது மூத்தம்மாவுக்கும் இதே சோதனையை வைக்கலாம். கால் பலம், இடுப்பு, முதுகு, சமநிலை, கை கால் ஒன்றுக்கொன்று ஒத்துழைப்பது எல்லாமே அந்தச் சில செக்கனில் தெரிந்துவிடும்.

எழும்பும் விதமும் முக்கியம். சின்னப் பிள்ளை குப்புறப் புரண்டு, கையூன்றி எழும்பும். வளர வளர, நேரே எழுந்து குந்தி நிமிரும். முதுமையில் கையும் முழங்காலும் திரும்பவும் தரையைத் தேடும்.

பிரேசில் நாட்டு வைத்தியர் க்ளாடியோ அரௌஜோவின் குழு இதைப் போன்ற இன்னொரு சோதனையை வைத்தது. தரையில் உட்கார 5 புள்ளி, எழும்ப 5 புள்ளி. கை, முழங்கால் என்று ஒவ்வொன்றை ஊன்றும்போதும் ஒரு புள்ளி குறையும், தடுமாறினால் அரைப் புள்ளி. 51 முதல் 80 வயது வரையான 2002 பேரைச் சில வருடங்கள் பின்தொடர்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த புள்ளி எடுத்தவர்களில் மரணம் அதிகமாக இருந்தது. எழும்பத் தெரியாததால் இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பின் பொதுவான நிலையை அந்த ஒரு அசைவு காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வாழ்க்கையில் இந்தப் பயிற்சி காசில்லாமல் கிடைத்தது. பாயில் படுத்தோம், சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம், ஓதப்போன இடத்தில் தரையில் இருந்தோம். தொழுகை இபாதத், உடற்பயிற்சி அல்ல. ஆனாலும் பர்ளான 17 ரக்அத்துகளைத் தொழுது முடிக்கும்போது 17 தடவை தரையிலிருந்து எழும்புகிறோம்.

இப்போது என்ன நடக்கிறது? காலையில் பாடசாலை வாங்கு, பின்னேரம் டியூஷன் வாங்கு, இரவில் சோபாவில் ஃபோன். வகுப்பில் செயற்பாட்டுக்காகத் தரையில் இருத்திவிட்டு எழும்பச் சொன்னால் மேசைக் காலைப் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நோயாளிப் பிள்ளைகளைச் சொல்லவில்லை. நல்ல சுகத்தோடு இருக்கும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளைச் சொல்கிறேன்.

தரம் 5 வந்ததும் முதலில் காணாமல் போவது விளையாட்டுப் பாடவேளை. புலமைப்பரிசிலுக்கு நேரம் போதாது என்பார்கள். ஆசிரியராக அந்த அழுத்தம் எனக்கும் தெரியும். ஆனால் கிழமையில் ஒரு பாடவேளையைப் பறித்து வாங்கும் புள்ளிகளை விட, ஓடிக் குதித்து விழுந்து எழும்பிப் பழகாத உடம்பு பெரிய நட்டம். பரீட்சை ஒரு நாளில் முடியும். இந்த உடம்போடுதான் பிள்ளை அறுபது, எழுபது வருடம் வாழ வேண்டும்.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள்:

ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எழும்பும்போது கை கொடுத்துத் தூக்காதீர்கள். இயலாமை உள்ள பிள்ளைக்கும் முழங்கால் வருத்தமுள்ள பெரியவருக்கும் இது பொருந்தாது. கதிரையில் தொழுபவரை யாரும் குறையாகப் பார்க்கவும் வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புள்ளியைக் கேட்ட பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: "சேர், டீச்சர், இந்தத் தவணை விளையாட்டுப் பாடவேளை எத்தனை நடந்தது?"

பெற்றோர் கேட்டால்தான் அந்தப் பாடவேளை நேரசூசியோடு நிற்காமல் மைதானத்துக்கு வரும்.