தன் மனையில் வீடு கட்டிய நாங்கள்

எங்கள் தெருவிலேயே பழைய வீடு எதிர்சாரியில் இருக்கும் ஓட்டு வீடு. 1994இல் நாங்கள் மனை பார்க்கத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் வந்தபோது, அந்த வீட்டுத் திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டும். இன்றைக்குத் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக முடியும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நாங்கள்தான் உயர்ந்துவிட்டோம். ஒவ்வொரு வீடு எழும்பும்போதும் மனை உயர்ந்தது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும், பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டதால் தெருவும் உயர்ந்தது.

அந்த வீட்டு அம்மா அன்றைக்கே சொன்னார்: "ஏரி ரொம்பினா தண்ணி இந்தப் பக்கந்தாம்பா போவும். பாத்துக் கட்டுங்க." நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். கேட்டுவிட்டுச் செய்த முதல் வேலை, லாரி லாரியாகக் கிராவல் அடித்து மனையை மூன்றடி உயர்த்தியது. நம் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்ற நிம்மதி வந்ததும், அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எதிரிலேயே இருந்தது.

அரசைப் பற்றியும் மனை விற்றவர்களைப் பற்றியும் எங்கள் நலச்சங்கக் கூட்டங்களில் முப்பது வருடமாகப் பேசிவிட்டோம். அதில் நியாயமும் உண்டு. எங்கள் பங்கை மட்டும் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. அதை இப்போதாவது சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் தஞ்சாவூர்க்காரர்கள் உண்டு. காரைக்குடிப் பக்கத்தவர், பொள்ளாச்சிக்காரர், நாகர்கோவில்காரர் உண்டு. வீடு கட்டத் தெரியாத ஊர்களிலிருந்து நாங்கள் வரவில்லை. தஞ்சைப் பக்கத்து வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு தோளோடு தோள் நிற்கும். பின்னால் கொல்லை நீண்டு ஆற்றையோ வாய்க்காலையோ தொடும். முற்றத்தில் விழுந்த மழை அந்தக் கொல்லை மண்ணுக்குத்தான் போக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு, தோட்டத்தின் நடுவே தன் கிணற்றோடும் மாட்டுக் கொட்டகையோடும் தனியே இருக்கும். வீட்டைச் சுற்றி மழை குடிக்க ஏக்கர்கணக்கில் நிலம் உண்டு. நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் அடிக்கும். அதனால் கூரை நல்ல சரிவாக இருக்கும், வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் நிற்கும். அதை ஒட்டிய கேரளத்தில் ஊர் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீடுகள் பரந்து கிடந்தாலும், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் மரமும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

செட்டிநாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை குறைந்த நிலம் அது. அங்கே வீடுகளின் உயரத்தையும் அரைத்த சுண்ணாம்புப் பூச்சையும் பார்த்து வியந்துவிட்டு வருகிறோம். வளவின் நான்கு பக்கத்து ஓடும் முற்றத்தை நோக்கிச் சாய்ந்து மழையை நடுவில் கொண்டுவந்து சேர்க்கும். அந்த வீட்டு ஆச்சி முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, அடுத்து விழுவதை அண்டாவில் பிடிப்பார். வழிந்தது வெளியே போய் ஊரணியில் சேரும். வீடு, தெரு, ஊரணி மூன்றையும் ஒரே கணக்கில் வைத்து ஊரைப் பிரித்திருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவரும் இங்கே மொட்டை மாடிக் குழாயை நேராகத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் திருப்பினோம்.

இந்தத் தொண்டை மண்டலத்துக்கும் ஒரு முறை இருந்தது, அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் மெனக்கெடவில்லை. ஆறு நம்ப முடியாத நிலம் என்பதால் ஏரியை நம்பிய ஊர்கள் இவை. மேட்டில் நத்தம், கரைக்குக் கீழே நன்செய், ஏரிக்குள் தண்ணீர் வர வரத்துக்கால்வாய், நிரம்பினால் வெளியேறக் கலங்கல், அங்கிருந்து அடுத்த ஏரிக்குப் போக்குக்கால்வாய். செம்பாக்கம் நிரம்பி நன்மங்கலம், அது நிரம்பிக் கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டபடி ஏரிகள் இருந்தன. மாடம்பாக்கம் பெரிய ஏரியும் தேனுபுரீசுவரர் கோயிலும் எங்களுக்குப் பல நூறு வருடம் முந்தியவை. சோழர் காலத்துக் கற்றளி அது. யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் தூணில் இருக்கும் சரபேசுவரருக்கு வரிசையில் நின்ற எங்களில் எத்தனை பேர், நான்கு தெரு தள்ளி இருக்கும் கலங்கலைப் போய்ப் பார்த்திருப்போம்? நான் முதன்முதலில் பார்த்தது 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு.

எங்களுக்கு விற்கப்பட்டது அந்த நன்செய்தான். அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று கல் நட்டுப் பிரித்தார்கள். பத்திரத்தில் வில்லங்கம் பார்த்தோம், மூலப்பத்திரம் பார்த்தோம், வாஸ்து பார்த்தோம். புலப்படத்தை வாங்கிப் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. 2016இல் அங்கீகாரமில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் பதறினோம். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் கட்டணம் கட்ட ஓடினோம். அப்போதும் எங்கள் கவலை மனையின் விலை குறித்ததுதான்.

கட்டிய பிறகு செய்ததையும் சொல்கிறேன். காரை ஏற்றுவதற்காகக் கேட் முன்னால் சிமென்ட் சரிவு போட்டோம். ஒவ்வொரு சரிவும் தெருவோரக் கால்வாயின் கழுத்தில் ஒரு கை. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது பள்ளம் தோண்டி, கூழாங்கல்லும் மணலும் போட்டு, அதிகாரி வந்து பார்த்துப் போகும்வரை வைத்திருந்தோம். பல வீட்டில் அதன்மேல் இன்று டைல்ஸ் இருக்கிறது. மண் தெரிந்தால் பூச்சி வரும் என்று காம்பவுண்டுக்குள் ஒரு சாண் விடாமல் தளம் போட்டோம். செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்குப் பணம் தர வேண்டுமே என்று, மழை நாளாகப் பார்த்து மழைநீர்க் கால்வாயில் திறந்துவிட்டோம். மழை நாளில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கால்வாய் ஏரிக்குத்தான் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை உலகமே பார்த்தது. அந்த மழையை என் மனைக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. அதன்மேல் விழுந்தது ஏறக்குறைய 54,000 லிட்டர். கோடையில் நாங்கள் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் தண்ணி லாரி நான்கரை. அத்தனையும் என் வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. எங்கள் தெருவின் மற்ற வீடுகளும் அதையே செய்தன. இரவு பதினொரு மணிக்கு எதிர்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி டின்னை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு, அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தார். ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. அவர் சொல்லாதது இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது.

2019 கோடையில் அதே தெருவில் போர் வறண்டது. மாடியில் விழுந்ததை நான்கு வருடம் முன்பு விரட்டியவர்கள், தண்ணி லாரிக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தோம்.

டொராண்டோவை ஒட்டிய மார்க்கமில் நம் தமிழர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். என் மகளும் அங்கேதான். அவளோடு மாலையில் நடக்கும்போது, அந்தக் குடியிருப்புகளுக்கு நடுவே புல் சூழ்ந்த குளங்களைப் பார்த்தேன். கூரையிலும் சாலையிலும் விழும் மழையைத் தாங்கி மெல்ல விடுவதற்கென்றே வெட்டியவை. அவர்கள் செலவு செய்து புதிதாக வெட்டிக்கொண்ட குளம், நமக்கு முன்னோர் வெட்டி, கரை கட்டி, மதகு வைத்துக் கையில் கொடுத்தது. அங்கே நின்றபோது எனக்குப் பொறாமை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

உத்திரமேரூர் எங்களுக்குத் தூரமில்லை, இதே பழைய செங்கல்பட்டுச் சீமைதான். பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தக் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம்; ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர், ஒரு வருடத்துக்கு. யார் நிற்கலாம் என்பதற்கு அங்கே விதிகள் உண்டு. இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் உறவினரும் நிற்கக் கூடாது.

தன் மனையில் வீடு கட்டியவர் என்பது அங்கே பெருமைக்குச் சொன்ன தகுதி இல்லை. மனை உனக்கு என்றால் ஏரியும் உன் பொறுப்பு என்ற பொருளில் சொன்னது. நாங்கள் அந்த முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேரூராட்சியாக இருந்தபோது கூட்டம் நடந்த நாளை நாங்கள் அறிந்ததில்லை. 2021இல் மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தபோது எங்கள் சங்கத்தில் பேசிய ஒரே விஷயம், வீட்டு வரி எவ்வளவு ஏறும் என்பது. பக்கத்துச் சிட்லபாக்கத்தில் ஏரிக்காகத் தெருக்காரர்களே வருடக்கணக்கில் விடாமல் நின்றார்கள். அவர்களும் எங்களைப்போல ஆபீஸ் போய் வந்தவர்கள்தான். எங்களுக்கு நேரமில்லை என்பது பொய்.

போன மாதம் எங்கள் தெருவின் புலப்படத்தை எடுத்தேன். இணையத்தில் சர்வே எண்ணைப் போட்டாலே கிடைக்கிறது. பக்கத்து எண்ணுக்கு அ பதிவேட்டையும் எடுக்கலாம். அதில் வாய்க்கால் என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். எழுதியிருந்தால், அது இப்போது எங்கே இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். எங்கள் தெருவில் அது மூன்று வீட்டுச் சிமென்ட் சரிவுகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது. பொங்கலுக்கு முன் அதை உடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.